மருதக் கண்ணும் கணக்கில் வராத படகும்: கடற்படையின் 'கற்கும் எந்திரம்' குறித்துச் சில குறிப்புகள்

1

எங்களூர் கோயில் கதை இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். தாடகை என்ற பெண் மாலை சாத்த வருகிறாள். இரண்டு கையிலும் மாலை. அந்த நேரம் பார்த்துச் சேலை நழுவுகிறது. முழங்கையால் சேலையை இடுக்கிக்கொண்டு தவிக்கிறாள். அவளுக்காக லிங்கம் தலை சாய்த்துக் கொடுக்கிறது. சாய்ந்தது சாய்ந்தபடியே நின்றுவிடுகிறது. பின்னால் வருகிற அரசன் கண்ணுக்குத் தெரிவது சாய்வு மட்டும். யானைகளைக் கட்டி இழுக்கிறான், நிமிரவில்லை. குங்கிலியக் கலயர் தன் கழுத்தில் கயிற்றை மாட்டி இழுத்த பிறகுதான் நிமிர்ந்தது என்று கதை முடிகிறது.

பக்தி இங்கே என் விஷயமல்ல. எனக்கு இந்தக் கதையில் முக்கியமாகப் படுவது அரசனுடைய பார்வை. நேராக இருக்க வேண்டியது கோணலாக இருக்கிறது, அவ்வளவுதான் அவனுக்கு எட்டிய செய்தி. விலகலுக்குப் பின்னால் ஒரு பெண்ணின் நழுவும் சேலை இருந்தது என்பது அவனிடம் வந்து சேர்ந்த தகவலில் இல்லை. ஆகவே யானையை அனுப்புகிறான்.

இந்தக் கதை ஏன் இப்போது ஞாபகம் வந்தது என்று சொல்லிவிடுகிறேன். போன பொங்கலுக்கு நண்பர் ஒருவரின் மகன் ஊருக்கு வந்திருந்தான். பெங்களூரில் ஒரு கம்பெனியில் வேலை. கடை வீதியில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது மடிக்கணினியைத் திறந்து காட்டினான். திரை முழுக்கக் கடல். கடலில் கோடுகள், புள்ளிகள். எந்தக் கப்பல் ஒழுங்காகப் போகிறது, எது சந்தேகத்துக்குரியது என்று எந்திரம் தானாகவே 'கற்றுக்கொண்டு' சொல்லுமாம். கடற்படைகள் இதற்குத்தான் இப்போது காசைக் கொட்டுகின்றன என்றான். பிறந்ததிலிருந்து வயலையும் வாய்க்காலையும் பார்த்து வளர்ந்தவன் நான். கடலை முதலில் பார்த்தபோது எனக்கு இருபது வயது தாண்டிவிட்டது. ஆனாலும் அந்தத் திரை எனக்கு அந்நியமாகப் படவில்லை. எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. எங்கே என்று பிறகுதான் புரிந்தது. அதற்குக் கடைசியில் வருகிறேன் என்று சொல்லிக் காக்க வைக்க விரும்பவில்லை: அது கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கிற அடங்கலைப் போல இருந்தது.

2

முதலில் சொற்களைப் பார்ப்போம். அதிகாரம் தன்னை முதலில் காட்டிக்கொடுப்பது சொற்களில்தான்.

'சிச்சுவேஷனல் அவேர்னஸ்' என்பதை நிலவர அறிவு என்று சொல்லிக்கொள்ளலாம். 1995-இல் மைக்கா எண்ட்ஸ்லி என்ற அமெரிக்க ஆய்வாளர் இதை மூன்று படிகளாகப் பிரித்தார்: சுற்றி இருப்பதைக் காண்பது, கண்டதன் பொருளை உணர்வது, அடுத்து என்ன நடக்கும் என்று முன்கூட்டி ஊகிப்பது. விமானியைப் பற்றிப் பேச எழுந்த இந்தச் சிந்தனை இன்று ராணுவம் முழுவதற்கும் பொது. கடலுக்கு வரும்போது 'மேரிடைம் டொமைன் அவேர்னஸ்' என்கிறார்கள். 'டொமைன்' என்ற சொல்லின் வேரைத் தோண்டினால் பிரபுவுக்குச் சொந்தமான நிலம் வந்து நிற்கிறது. நம்ம பக்கத்துச் சொல்லில் பண்ணை. கடலைப் பண்ணையாகப் பார்க்கிற பார்வை பெயரிலேயே இருக்கிறது.

இன்னொரு சொல்தொகுதி இதைவிட சுவாரஸ்யமானது. கடற்படைகளின் பேச்சில் வணிகக் கப்பல் 'வெள்ளை', போர்க்கப்பல் 'சாம்பல்', சட்டவிரோதமானது 'கறுப்பு'. நாடுகள் தமக்குள் 'வெள்ளைக் கப்பல்' ஒப்பந்தம் என்றே கையெழுத்துப் போடுகின்றன. இந்தியாவும் பல நாடுகளோடு போட்டிருக்கிறது. இவற்றுக்கு அப்பால் ஒன்று உண்டு: தன் அடையாளத்தை ஒலிபரப்பாத கப்பல். அதற்குப் பெயர் 'இருட்டுக் கப்பல்'. அதாவது நீ உன்னைச் சொல்லாவிட்டால் நீ இருட்டு. உன்னிடம் சொல்வதற்கான கருவி இருக்கிறதா, இல்லையா என்ற கேள்விக்கு இந்த மொழியில் இடமில்லை.

இந்தியாவில் இது எப்படி வந்தது? 2008 நவம்பரில் பம்பாயைத் தாக்கியவர்கள் கடல் வழியாக வந்தார்கள். 'குபேர்' என்ற குஜராத் மீன்பிடிப் படகைக் கைப்பற்றி, அதில் இருந்த தொழிலாளர்களைக் கொன்று, அந்தப் படகிலேயே வந்தார்கள். அதற்குப் பிறகு கரையோரத்தில் ரேடார் சங்கிலி எழுந்தது. முதல் கட்டத்தில் மட்டும் 46. கடற்படை, கடலோரக் காவல்படையின் 51 நிலையங்களை ஒரே வலையில் இணைத்தார்கள். அந்த வலையின் மையமாக டில்லிக்குப் பக்கத்தில் குர்கானில் 2014 நவம்பரில் தகவல் மேலாண்மை, பகுப்பாய்வு மையம் திறக்கப்பட்டது. 2018 டிசம்பரில் இந்தியப் பெருங்கடல் நாடுகளுக்கான தகவல் இணைப்பு மையமும் அங்கேயே வந்தது. 2022 ஜூலையில் பாதுகாப்பு அமைச்சகம் செயற்கை அறிவு சார்ந்த 75 கருவிகளை ஒரே மேடையில் வெளியிட்டது. கடலிலிருந்து ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி, கோதுமை வயல்களை அழித்து எழுந்த ஒரு நகரத்தில் உட்கார்ந்துதான் நம் கடல் பார்க்கப்படுகிறது என்பது குறையல்ல, ஒரு தகவல். மனதில் வைத்துக்கொள்வோம்.

கடற்படையின் கவலை கற்பனை அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். 1993-இல் பம்பாயில் வெடித்த வெடிமருந்தும் கடல் வழியாகத்தான் வந்தது. ஆனால் 'குபேர்' நமக்குச் சொல்வது வேறொன்று. அது பதிவு செய்யப்பட்ட, உரிமையாளர் உள்ள, எண் எழுதப்பட்ட படகு. பதிவேட்டின் கண்ணுக்கு அது முற்றிலும் இயல்பானது. ஆபத்து இயல்பின் உடையில் வந்தது. அந்த அனுபவத்திலிருந்து அரசு எடுத்துக்கொண்ட பாடமோ, இன்னும் பெரிய பதிவேடு வேண்டும் என்பது.

3

எந்திரம் எப்படிக் கற்கிறது? இதில் மாயம் ஒண்ணும் இல்லை. சர்வதேசப் பயணம் போகும் 300 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் ஏ.ஐ.எஸ். என்ற கருவியை வைத்திருக்க வேண்டும். தன் எண், இடம், வேகம், திசை எல்லாவற்றையும் அது ஓடும்போது சில விநாடிக்கு ஒரு தரம் ஒலிபரப்பும். வருஷக்கணக்கில் சேர்ந்த இந்தத் தடங்களை எந்திரத்துக்குத் தீனியாகப் போடுகிறார்கள். கொழும்பிலிருந்து சிங்கப்பூர் போகிற கப்பல் எந்த வழியில், எந்த வேகத்தில் போகும் என்று அதற்குப் பழகிவிடுகிறது. அடுத்த அரை மணியில் எங்கே இருக்க வேண்டும் என்று ஊகிக்கிறது. ஊகத்துக்கும் நிஜத்துக்கும் இடைவெளி கூடினால் மணி அடிக்கிறது. நடுக்கடலில் நிற்பது, திடீரென்று திரும்புவது, இன்னொரு கப்பலை அணைவது, ஒரே இடத்தில் சுற்றிவருவது, ஒலிபரப்பை நிறுத்துவது: இவையெல்லாம் சந்தேகத்தின் குறிகள்.

இப்போது ஒரு மீனவனின் ஓர் இரவை எடுத்துக்கொள்வோம். வலை விட நிற்கிறான். நீவாடு மாறினால் திரும்புகிறான். பக்கத்துப் படகில் டீசலோ ஐஸோ வாங்க அணைகிறான். மீன் இருக்கிற இடத்திலேயே சுற்றுகிறான். நல்ல பாடு கிடைத்த இடத்தை மற்றவர்கள் அறியாதபடி விளக்கை அணைக்கிறான். எந்திரத்துக்குச் சந்தேகத்தின் ஐந்து குறிகள். அவனுக்கு ஐந்தும் தொழில்.

எண்ட்ஸ்லியின் மூன்று படிகளும் அவனிடம் உண்டு. கச்சானும் கொண்டலும் வாடையும் சோழகமும் எப்போது எழும், தண்ணீரின் நிறம் எதனால் மாறுகிறது, அடுத்த நாழிகையில் கடல் என்ன செய்யும் என்பதைக் கண்டு, உணர்ந்து, ஊகிக்காமல் ஒரு நாள் கூட அவன் கரை திரும்ப முடியாது. ஆனால் இது 'நிலவர அறிவு' என்ற பெயரைப் பெறுவதில்லை. அறிபவன் வேறு, அறியப்படும் பொருள் வேறு என்ற பிரிவினை முன்பே நடந்துவிட்டது.

நண்பரின் மகனிடம் திரையைக் காட்டிக் கேட்டேன்.

"இந்தச் சின்னச் சின்னப் புள்ளியெல்லாம் என்ன தம்பி?"

"அதெல்லாம் மீன்பிடிப் படகா இருக்கும் மாமா. சிக்னல் இருக்காது, ரேடார்ல மட்டும் லேசாத் தெரியும். டிரெய்னிங்குக்குக் குடுக்கறப்ப 'நாய்ஸ்'னு எடுத்துடுவோம்."

"எடுத்துட்டா அது கடல்ல இல்லாமப் போயிடுமா?"

சிரித்தான். "கடல்ல இருக்கும் மாமா. மாடல்ல இருக்காது."

நல்ல பையன். மறைக்கத் தெரியாதவன். இந்த ஒரு வாக்கியம் பத்துக் கட்டுரைக்குச் சமம் என்று அப்போதே தோன்றியது.

அடங்கல் என்று முன்பு சொன்னேனே, அது இதனால்தான். காவிரிப் படுகையில் கோயில் நிலமும் மடத்து நிலமும் மிராசு நிலமும் உழுதவன் ஒருவன், கணக்கில் இருந்தவன் ஒருவன். குத்தகைதாரரின் பெயரைப் பதிவு செய்ய 1969-இல் சட்டமே வந்தது. வந்தும், வாய்மொழிக் குத்தகையில் உழுகிற எத்தனையோ பேர் எந்த ஏட்டிலும் இல்லை. வெள்ளம் வந்தால் நிவாரணம் பட்டாதாருக்குப் போகிறது. அழுகிய பயிருக்குப் பக்கத்தில் நிற்கிறவன் வயலில் இருக்கிறான், கணக்கில் இல்லை. கணக்கைப் படித்து ஓர் எந்திரம் விவசாயத்தைக் கற்றுக்கொண்டால் அது உழவனைக் கற்காது; கணக்கைத்தான் கற்கும். கடலிலும் அதுதான் நடக்கிறது. எந்திரம் கடலைக் கற்பதில்லை. கரையில் எழுதப்பட்ட பதிவேட்டைக் கற்கிறது.

இதைத்தான் மருதக் கண் என்கிறேன். நெய்தலுக்குத் தனித் திணை கொடுத்த மரபு நம்முடையது. ஆனாலும் வரப்புக் கட்டி வாழ்கிற நமக்குக் கடலும் வரப்புப் போட்ட வயலாகவே தெரிகிறது. திருப்பனந்தாளிலிருந்து வடக்கே போய் அணைக்கரையில் கொள்ளிடம் தாண்டினால் கங்கைகொண்ட சோழபுரம். ராஜேந்திரனின் கடல் படையெடுப்புக்கு ஆயிரம் ஆண்டு என்று 2025 ஜூலையில் பிரதமர் வரை வந்து கொண்டாடினார்கள். எங்களூர்க்காரர்களும் கூட்டத்தில் இருந்தார்கள். அந்தப் பெருங்கதையாடலில் கடல் என்பது அரசன் கப்பல் விட்ட இடம். அங்கே வலை விட்டவன் யார் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்டதில்லை.

ஃபூக்கோவைப் படித்தவர்கள் இதைப் பனாப்டிகான் என்று சட்டென்று முடித்துவிடக்கூடும். முழுக்கப் பொருந்தாது. அந்தச் சிறையில் ஒவ்வொரு கைதிக்கும் ஓர் அறையாவது உண்டு. இங்கே சிறு படகுக்கு அறை கிடையாது. ஒன்று அது அலையோடு அலையாகக் கழிக்கப்படுகிறது, இல்லாவிட்டால் சந்தேகமாக எழுகிறது. இரண்டுக்கும் நடுவில் 'தொழில் செய்கிறவன்' என்ற மூன்றாம் இடம் இல்லை.

இது நம் கடலுக்கு மட்டும் உரியதல்ல. செயற்கைக்கோள் படங்களை எந்திரக் கற்றலால் ஆராய்ந்து 2024 ஜனவரியில் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு, உலகின் தொழில்துறை மீன்பிடிக் கப்பல்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு பொதுத் தடமறிதலில் இல்லை என்று காட்டியது. 'இருட்டு' விதிவிலக்கல்ல, அதுவே பெரும்பான்மை. இதை வெளிக்கொணர்ந்ததும் அதே எந்திரம்தான் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எந்தக் கேள்வியோடு எந்திரத்தை அனுப்புகிறோம் என்பதில் இருக்கிறது விஷயம்.

4

"தப்பு மனுஷன்தான் மாமா பண்றான். மெஷின் குறைக்கத்தான் செய்யும்" என்றான் தம்பி. இதை எளிதில் தள்ளிவிட முடியாது.

1988 ஜூலை 3. பாரசீக வளைகுடாவில் அமெரிக்கப் போர்க்கப்பல் வின்சென்ஸ் ஈரானின் பயணி விமானத்தைச் சுட்டு வீழ்த்தியது. 290 பேர் செத்தார்கள். அன்றைக்கு உலகத்திலேயே நவீனமான ஏஜிஸ் என்ற கணினி அமைப்பு அந்தக் கப்பலில் இருந்தது. விமானம் மேலே ஏறிக்கொண்டிருக்கிறது என்று கணினி சரியாகத்தான் பதிவு செய்தது. தாக்க இறங்கி வருகிறது என்று மாலுமிகள் நம்பினார்கள். கருவி சரி, கண் தப்பு. தம்பியின் கட்சிக்கு இது நல்ல சாட்சி.

ஆனால் அந்தக் கண் ஏன் அப்படிக் கண்டது? எதிரி வருவான் என்று எதிர்பார்த்துக் காத்திருந்த கண் அது. எதிர்பார்ப்பு முன்பே எழுதப்பட்ட பிரதி. வந்தது எதுவானாலும் அந்தப் பிரதிக்குள் வாசிக்கப்பட்டது. கற்கும் எந்திரம் செய்வதும் எதிர்பார்ப்பை எழுதுவதுதான். அன்று மாலுமியின் மனதில் இருந்ததை இனி எண்களாக இயந்திரத்துக்குள் வைக்கிறோம். மனதில் இருந்தால் விசாரணையில் கேட்கலாம். எண்ணுக்குள் இருப்பதை யாரிடம் கேட்பது?

24 வருஷம் கழித்து, 2012 ஜூலையில், அதே வளைகுடாவில் துபாய்க்கருகே அமெரிக்கக் கடற்படையின் எரிபொருள் கப்பல் ஒன்று சிறு படகு ஒன்றைச் சுட்டது. எச்சரித்தோம், நிற்கவில்லை என்றார்கள் அவர்கள். எச்சரிக்கையே இல்லை என்றார்கள் பிழைத்தவர்கள். குண்டடி பட்டவர்கள் பிழைக்கப் போன தமிழ்நாட்டு மீனவர்கள். ஒருவர் இறந்தார். 2000-இல் ஏடன் துறைமுகத்தில் ஒரு சிறு படகு மோதி அமெரிக்க மாலுமிகள் 17 பேர் இறந்த நினைவு அந்தக் கப்பலின் கண்ணில் இருந்திருக்கும். ஏடனின் கடன் எங்கோ ஒரு தமிழ்க் குடிசையில் வசூலானது.

அந்நியன் கதை என்று விடவும் வழியில்லை. 2022 அக்டோபர் 21 அதிகாலை, பாக் நீரிணைப் பகுதியில் இந்தியக் கடற்படையின் ரோந்துக் கப்பலே தமிழ் மீனவர்களின் படகைச் சுட்டது. மயிலாடுதுறை மாவட்டத்து மீனவர் ஒருவர் காயமடைந்தார். எல்லைக்கோட்டுக்கு அருகே சந்தேகத்துக்கிடமான படகு, பலமுறை எச்சரித்தும் நிற்கவில்லை என்றது கடற்படை. வாக்கிய அமைப்பைக் கவனியுங்கள்: துபாயில் சொன்னதும் இங்கே சொன்னதும் ஒன்றே. பிறகு அந்தக் கடற்படையே ஹெலிகாப்டரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. அன்று எந்திரம் எதுவும் தானே முடிவு செய்யவில்லை. ஆனால் நாளைய எந்திரத்துக்குப் பாடமாகப் போகப்போவது இந்த இரவுகளின் பதிவுதான். 'நிற்காத படகு: சந்தேகம்' என்று ஒரு வரி அதில் சேரும். படகு ஏன் நிற்கவில்லை, எந்திர இரைச்சலில் காது கேட்டதா, வந்தது எந்த நாட்டுக் கப்பல் என்று இருட்டில் தெரிந்ததா என்பவை சேராது.

ஒரு சின்னக் கணக்கு. பத்தாயிரம் படகு கடலில் இருக்கிறது, அதில் ஒன்று மட்டும் ஆபத்தானது என்று வைத்துக்கொள்வோம். எந்திரம் நூற்றுக்கு 99 தரம் சரியாகச் சொல்லும். அப்படியானால் ஆபத்தான ஒன்றோடு சேர்த்து, ஒரு பாவமும் அறியாத சுமார் நூறு படகுகள் மேலும் மணி அடிக்கும். '99 சதவீதம் துல்லியம்' என்ற விளம்பரமும், மாட்டியவர்களில் நூற்றுக்கு 99 பேர் நிரபராதி என்ற நிஜமும் ஒரே கணக்கின் இரண்டு பக்கம். மணி அடித்தால் என்ன செய்வது என்பதில்தான் உயிர் இருக்கிறது. கிட்டே போய் விசாரிப்பதா, துப்பாக்கியைத் திருப்புவதா?

5

இந்த இடத்தில் நம் மீனவர்களைப் புனிதர்களாக்கி நான் கட்டுரையை முடித்துவிடலாம். அது மோசடி. நம் விசைப்படகுகளின் இழுவை மடி பாக் நீரிணையின் அடித்தளத்தைச் சுரண்டுகிறது. போரில் கடலை இழந்து மீண்டு வந்த யாழ்ப்பாணம், மன்னார்ப் பக்கத்து மீனவர்களின் வலையை அறுக்கிறது. அவர்களும் தமிழர்கள். போர்க்காலத்தில் பாஸ் இல்லாமல் கடலுக்குப் போக முடியாமலும், எஞ்சின் குதிரைத்திறனுக்குக்கூடக் கட்டுப்பாட்டோடும் வாழ்ந்தவர்கள். கடற்புலிகளின் படகு எது, மீன்பிடிப் படகு எது என்று பிரித்தறிய முடியாத கண்ணுக்கு அவர்கள் எல்லோரும் சந்தேகமாக இருந்தார்கள். இன்று அவர்களில் ஒருவர், இரவில் வரும் இழுவைப் படகுகளைக் காட்டிக்கொடுக்க ஓர் எந்திரம் வேண்டும் என்று கேட்டால் அவரை அரசின் கைக்கூலி என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆக, 'கண்காணிப்பு எதிர்ப்பு' என்ற ஒற்றை முழக்கம் போதாது.

எதற்காகப் பார்க்கிறாய் என்று கேட்க வேண்டும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயலில் குமரி, கேரள மீனவர்கள் நூற்றுக்கணக்கில் ஆழ்கடலில் சிக்கினார்கள். 46 ரேடாரும் 51 நிலையமும் அப்போது இருந்தன. கடலில் யார் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்ற கணக்கு அரசிடம் இல்லை. பாதிரியார்களும் பெண்களும் ஊர் ஊராகப் பட்டியல் எழுதினார்கள். மீனவர்களே படகெடுத்துத் தேடப் போனார்கள். சந்தேகத்துக்காகத் திறந்த கண், சாவுக்கு மூடியிருந்தது.

2024 ஆகஸ்டில் ஒரு லட்சம் மீன்பிடிப் படகுகளில் டிரான்ஸ்பாண்டர் பொருத்தும் திட்டம் தொடங்கப்பட்டது. இஸ்ரோ உருவாக்கிய கருவி. ஆபத்தில் இரு வழியிலும் செய்தி அனுப்பலாம். நல்லது. அந்தக் கருவி சேர்க்கிற தடம் யாருடையது? அதைக் கொண்டு எந்திரத்துக்கு என்ன கற்பிக்கப்படும்? 'சந்தேகம்' என்று முத்திரை விழுந்தால் அதை மறுக்க மீனவர் சங்கத்துக்கு வழி உண்டா? சுட்டபின், திரையில் அன்று என்ன தெரிந்தது என்ற பதிவு நீதிமன்றத்துக்கு வருமா? கருவி இல்லாத படகு இருட்டாகவே எண்ணப்படுமா? இவை தொழில்நுட்பக் கேள்விகள் அல்ல என்று சொல்லித் தட்டிக் கழிப்பார்கள். இவைதான் தொழில்நுட்பக் கேள்விகள். முத்திரையை யார் குத்துவது என்பதிலிருந்துதான் எந்திரத்தின் படிப்பே தொடங்குகிறது.

எங்கள் கடை வீதிக்குப் பூம்புகார்ப் பக்கமிருந்து கருவாடு கொண்டுவருகிற ஓர் அம்மா உண்டு. அவர் வீட்டுக்காரர் ஃபைபர் படகில் போகிறவர். தம்பி காட்டிய திரையைப் பற்றி அவரிடம் சொன்னேன்.

"எல்லாப் படகும் தெரியுமாமே அக்கா."

"தெரியட்டும் தம்பி. காத்து மாறுன அன்னிக்கு விடிய விடிய கரையில நிக்கறமே, அன்னிக்குத் தெரியுமான்னு கேட்டுச் சொல்லு."

பெங்களூருக்கு போன் போட்டு அப்படியே சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "அந்த டேட்டா எங்ககிட்ட இல்ல மாமா" என்றான். அடுத்த லீவில் பூம்புகார் போய் அந்த அக்கா வீட்டுக்காரரோடு உட்கார்ந்து, ஓர் இரவின் தடத்தை அவர் வாயாலேயே சொல்லக் கேட்டு எழுதுவது என்று இருவரும் பேசி வைத்திருக்கிறோம். ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒரு காரணம் இருக்கும். அதை எழுதி முடித்த பிறகு எந்திரத்துக்கு எதைக் கற்பிப்பது என்று பேசலாம்.